இரண்டாம் டிகாக்‌ஷன்

எத்தனை கப் என்று கேட்பதற்காக எனக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது. கொல்கத்தாவில் டாலிகஞ்ச் காலனி வீடுகளிலும் நியூ டவுன் அடுக்குமாடிகளிலும் படியேறி, போன ஒரு வாரத்தில் வீட்டில் எத்தனை கப் டீ, வெளியில் எத்தனை கப், சர்க்கரை எவ்வளவு, பிஸ்கட் எவ்வளவு என்று கேட்டு எழுதுகிற வேலை. பதினொரு வருஷமாகச் செய்கிறேன். ஒருவருக்கும் சரியாகத் தெரியாது என்பதுதான் நான் கண்டது. டாலிகஞ்சில் ஒரு அம்மாள் "லிகே தின் நா திதி, ஜா ஹொய்" என்றாள். அக்கா, ஏதோ ஒன்றை எழுதிக்கொள்ளுங்களேன் என்று அர்த்தம். நியூ டவுனில் ஒருவர் தன் வீட்டில் சர்க்கரையே வாங்குவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே அவர் மனைவி எனக்குப் பாயசம் மாதிரி ஒரு டீயைக் கொண்டுவந்து வைத்தாள். நான் விடுகிற ஆளில்லை. 'தெரியாது' என்று எழுத எங்கள் படிவத்தில் இடம் கிடையாது. எழுந்ததும் எத்தனை, பதினோரு மணிக்கு எத்தனை, விருந்தாளி வந்தால் எத்தனை என்று நோண்டி நோண்டிக் கேட்டு ஒரு எண்ணை வாங்கிக்கொண்டுதான் செருப்பை மாட்டுவேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

அப்படிப்பட்ட நான், கருவுற்று ஆறாவது வாரத்தில் என் டாக்டர் காப்பி எத்தனை என்று கேட்டபோது, யோசிக்காமல் "ரெண்டு கப்" என்றேன்.

அவர் வங்காளி. வயதானவர், கலகலப்பானவர். உங்கள் ஊர்க்காரர்களுக்குக் காப்பி இல்லாமல் பொழுது விடியாதே என்று சிரித்தார். ஒரு நாளைக்கு இருநூறு மில்லிகிராம் காஃபினுக்குள் இருந்தால் கவலையில்லை என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படுவது, இரண்டு கப் என்றால் பயப்பட வேண்டாம், முடிந்தால் ஒன்றாக்கிக்கொள் என்றார். அவர் மேஜையில் அவருடைய காப்பி இருந்தது. பால் கலந்த வெந்நீரில் ஒரு சிட்டிகை உடனடிக் காப்பித்தூள். கப் என்று அவர் நினைத்தது அதைத்தான். கப் என்று நான் சொன்னது வேறு. எங்கள் வீட்டில் ஒரு டம்ளரில் பாதி டிகாக்‌ஷன். அதை நான் அங்கே விளக்கவில்லை. விளக்கினால் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். பொய் சொல்லவில்லை, ஆனால் உண்மையும் சொல்லவில்லை. இந்த வித்தையை என்னிடம் எத்தனை பேர் காட்டியிருக்கிறார்கள்!

எங்கள் வீட்டில் காப்பி என் கணவர் இலாகா. நான் கொல்கத்தாவிலேயே வளர்ந்தவள், அப்பா ரயில்வேயில் இருந்தார். இவர் திருச்சிக்காரர், துறைமுக அலுவலகத்தில் இன்ஜினியராக மாற்றலாகி வந்தவர். கல்யாணமான மறுநாளே, நான் போட்ட காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஃபில்டரைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். லேக் மார்க்கெட் கடையில் பொடி அரைத்து வாங்குவது முதல் டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பது வரை எல்லாம் அவர்தான். காலையில் முதல் டிகாக்‌ஷன் இறங்கும். அது எங்களுக்கு. அதே பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றினால் இரண்டாம் டிகாக்‌ஷன். அதை ஒரு கிண்ணத்தில் மூடி வைத்திருப்பார், திடீரென்று யாராவது வந்தால் ஆபத்துக்கு உதவ. அதை எங்கள் இருவரில் ஒருவர் குடித்து நான் பார்த்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு முறை கருவுற்றேன். பதினோராவது வார ஸ்கேனில் இதயத் துடிப்பு இல்லை. ஒரு வலி கிடையாது, ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. திரையில் எல்லாம் இருந்தது, அசைவு மட்டும் இல்லை. நீ செய்த எதனாலும் இது நடக்கவில்லை, பெரும்பாலும் கரு உருவாகும்போதே நேர்ந்துவிடுகிற தற்செயல் என்று டாக்டர் சொன்னார். நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் திருச்சியிலிருந்து என் நாத்தனார் போன் செய்தாள். அழுதாள், ஆறுதல் சொன்னாள், கடைசியில் சொன்னாள்: "அண்ணி, அவ்ளோ காப்பி குடிப்பீங்களே, ஒருவேள அதுனாலயா இருக்குமோ?"

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். கணவர் பக்கத்தில்தான் நின்றார். ஏதாவது சொல்வார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் அடுப்படிக்குள் போய்விட்டார். நாத்தனாரை மன்னித்துவிட்டேன், அவள் வாய் அப்படி. அந்த மௌனத்தை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. என் வாயால்தான் பிள்ளை போயிற்று என்று இவரும் நினைக்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டேன். இரண்டு வருஷம் அதோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், எல்லாவற்றுக்கும் கத்துவேன். இதை மட்டும் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்றுவிட்டால்?

ஆகவே இந்த முறை, முப்பத்தேழு வயதில், பன்னிரண்டாவது வார ஸ்கேன் வரைக்கும் எனக்கு இருந்தது ஒரே கேள்வி. துடிப்பு இருக்குமா? மற்றதெல்லாம் அதன் கிளைகள்.

டாக்டரிடமிருந்து வந்ததும் காலையில் ஒரு டம்ளர் மட்டும் என்று குறைத்துக்கொண்டேன். முதல் மூன்று நாள் மண்டை பிளந்தது. பிறகு அந்த ஒரு டம்ளர் எத்தனை மில்லிகிராம் என்று கணக்குப் போட உட்கார்ந்தேன். சமையலறைத் தராசில் பொடியை எடை போட்டேன். பொடி எடை தெரிந்தது. அதிலிருந்து எவ்வளவு காஃபின் தண்ணீரில் இறங்கியது என்பதை எந்தத் தராசும் சொல்லாது. கொட்டை எந்த ரகம், காஃபினே இல்லாத சிக்கரி அதில் எத்தனை பங்கு, வெந்நீர் எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் இறங்கியது எல்லாம் சேர்ந்தது அது. லேக் மார்க்கெட் கடைக்கே போய்க் கேட்டேன். கடைக்காரர் மதுரைப் பக்கம். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இத்தன வருஷத்துல மணம் இருக்கா, கலர் இருக்கான்னுதான் மேடம் கேட்டுருக்காங்க. உள்ள என்ன இருக்குன்னு கேட்டது நீங்களும் சாரும்தான். சார் போன வாரம் வந்து இதையேதான் விசாரிச்சாரு."

எனக்குச் சுருக்கென்றது. ஆக, இவர் என்னை வேவு பார்க்கிறார். நாளைக்கு ஏதாவது ஆனால் என்னைக் குற்றம் சொல்ல ஆதாரம் சேர்க்கிறார். ஆட்டோவில் வீடு வரும் வரை மனசுக்குள் அவரோடு சண்டை போட்டேன். வீட்டுக்கு வந்ததும் அவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவ்வளவுதான் எங்கள் சண்டை.

பிறகு ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படிக்க ஆரம்பித்தேன். என் தொழிலே அட்டவணை படிப்பதுதானே. ஒரு கட்டுரை குறைந்த அளவில் பயமில்லை என்றது. இன்னொன்று எந்த அளவுமே பத்திரம் என்று சொல்வதற்கில்லை என்றது. கோபத்தோடு ஒவ்வொன்றிலும் முடிவை விட்டுவிட்டு, எப்படிச் செய்தார்கள் என்ற பகுதிக்குப் போனேன். அங்கே என்னை மாதிரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கர்ப்பிணிகளிடம் எத்தனை கப் என்று கேட்டு எழுதியிருந்தார்கள். வேறு வழி? பாதிப் பெண்களைக் குடி என்றும் பாதிப் பேரைக் குடிக்காதே என்றும் சொல்லி, யார் பிள்ளை பிழைக்கிறது என்று பார்க்க எந்த டாக்டருக்கு மனசு வரும்? ஆகவே கேட்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் கேட்டால் அவள் ஒவ்வொரு வாயையும் நினைவில் தோண்டி எடுத்துச் சொல்வாள். நல்லபடியாகப் பெற்றவள், குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, ஏதோ ஒன்றிரண்டு கப் என்பாள். இது எனக்குப் புதிசில்லை.

ஆனால் ஒரு வாதம் என்னை உலுக்கியது. நல்லபடி வளர்கிற கர்ப்பத்தில் ஹார்மோன் ஏறி வாந்தி வரும், காப்பி வாசனையே பிடிக்காமல் போகும், அவள் தானாகக் காப்பியை விட்டுவிடுவாள். கரு ஏற்கெனவே நலிந்துபோனவளுக்குக் குமட்டல் இருக்காது, அவள் பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருப்பாள். கடைசியில் கணக்கெடுத்தால் காப்பி குடித்தவளுக்குப் பிள்ளை போயிற்று என்று வரும். குற்றவாளி காப்பியாக இல்லாமலும் இருக்கலாம். படித்ததும் இரண்டு வருஷத்துப் பாரம் இறங்கிய மாதிரி ஒரு மூச்சு விட்டேன். அடுத்த மூச்சிலேயே என் கணக்கைப் பார்த்தேன். எனக்கு இந்த முறை ஒரு நாள்கூட வாந்தி இல்லை. காலையில் காப்பி வாசனை வந்தால் நாக்கு ஊறிற்று. காப்பி குற்றவாளி இல்லை என்றால், அது சாட்சி. அந்தச் சாட்சி எனக்கு எதிராகப் பேசிக்கொண்டிருந்தது.

எல்லாருக்கும் வாந்தி வர வேண்டும் என்று இல்லை என்பது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன? அந்த நாட்களில் நான் வீடுவீடாகப் போய்க் கேள்வி கேட்டபடியே, என் வயிறு புரளுகிறதா என்று உள்ளே காது கொடுத்துக்கொண்டிருந்தேன். மீன் பொரிக்கிற வாசனை வரும் மாடிப்படியில் வேண்டுமென்றே மெதுவாக ஏறினேன். ஒன்றும் வரவில்லை. அந்த வாசனையில் எனக்குப் பசித்தது.

எட்டாவது வாரத்தில் ஒரு காலை, காப்பி நன்றாக இல்லை.

நிறம் வழக்கம்போலக் கறுப்பாக இருந்தது. வாயில் வைத்தால் ஏதோ கருகின கசப்பு, உள்ளே சத்தே இல்லை. மறுநாளும் அப்படித்தான். பால் பாக்கெட்டை மாற்றச் சொல்லிக் கணவரிடம் எரிந்து விழுந்தேன். நாலாம் நாள், அலுவலகத்தில் படிவங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, திடீரென்று புரிந்தது. மாறியது பால் இல்லை, என் நாக்கு. காப்பி எனக்குப் பிடிக்காமல் போகிறது. படிவத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு பாத்ரூமுக்குப் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அந்த டம்ளர் எனக்கு ஒரு பரீட்சை. முதல் வாய் குடிப்பேன். நன்றாக இல்லை என்றால் பிள்ளை இருக்கிறது. ஒரு நாள்கூட நன்றாக இல்லை. நாலு வாரம் நான் அந்தக் கசப்பைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு நடமாடினேன். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் இவர் தூக்கமில்லாமல் கண் சிவந்து திரிந்தார். கேட்டால் அலுவலக வேலை என்றார்.

ஸ்கேன் நாள் காலையில் ஆஸ்பத்திரியில் பெரிய கூட்டம். எங்கள் டோக்கனுக்கு முன்னால் ஒன்பது பேர். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படாது என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். அதை யார் கேட்டார்கள் என்று எனக்கு எரிச்சல். இருக்கிறதா என்று சொன்னால் போதும். கையில் படிவத்தோடு ஒரு பெண் வந்தாள். ஆராய்ச்சி மாணவி, இருபத்தைந்து வயதிருக்கும். கர்ப்பிணிகளின் உணவுப் பழக்கம் பற்றி எழுதுகிறாளாம், இருபது நிமிஷம் போதும், விருப்பமிருந்தால் மட்டும் என்றாள். எத்தனை வாசற்படியில் நான் அப்படி நின்றிருக்கிறேன். உட்காரச் சொன்னேன்.

வங்காளத்தில் கேட்டாள், வங்காளத்தில் சொன்னேன். கணவருக்கு அந்த மொழி காதில் ஏறும், வாயில் வராது. மீன், பால், இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் ஆகிக் காப்பிக்கு வந்தாள். இப்போது எத்தனை என்றாள். காலையில் ஒரு டம்ளர், கெட்டி டிகாக்‌ஷன் என்று டாக்டரிடம் சொல்லாததையெல்லாம் அவளுக்கு விலாவாரியாக விளக்கினேன். அவள் எழுதப் போனாள்.

"அப்படி எழுதச் சொல்லாத," என்றார் கணவர். "அது முதல் டிகாக்‌ஷன் இல்ல."

எனக்குப் புரியவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எட்டாவது வாரத்திலிருந்து எனக்குக் கொடுத்ததெல்லாம் இரண்டாம் டிகாக்‌ஷனாம். நிறம் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று லேக் மார்க்கெட்டில் சிக்கரியைப் பாதிக்குப் பாதி போடச் சொல்லி வாங்கினாராம். முதல் டிகாக்‌ஷன் முழுவதையும் அவரே குடித்தாராம். தப்பான அளவு ஒன்று எழுதப்படுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அந்த ஜென்மத்தால் முடியாது. அதுவும் அந்த இடத்தில், அந்த நேரத்தில்.

ஏமாற்றியது கூட அப்புறம்தான் உறைத்தது. முதலில் உறைத்தது இதுதான்: என் நாக்கு மாறவில்லை. நாலு வாரமாக நான் பிடித்துக்கொண்டிருந்தது இவர் கலந்த சிக்கரி. எனக்கு வாந்தியும் இல்லை, கசப்பும் இல்லை, ஒரு அடையாளமும் இல்லை.

மாணவி ஒன்றும் புரியாமல், போன கர்ப்பத்தின்போது எத்தனை என்று அடுத்த கேள்வியைக் கேட்டாள். ஒரு நாளைக்கு நாலு டம்ளர் என்றேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இரண்டு வருஷமாக மனப்பாடம்.

"நாலு இல்ல, ரெண்டு," என்றார் இவர். "அதுலயும் பாதி சிங்க்லதான் கொட்டுவ. ஒனக்குக் கொமட்டும். டம்ளர் கழுவுனவன் நான்."

அப்படியும் இருந்திருக்குமா? அன்றைக்கு எனக்குக் குமட்டல் இருந்ததா? எனக்கு நினைவே இல்லை. என் சொந்த வாய், என் சொந்த வயிறு. "என்ன வேவு பாக்கத்தான் கல்யாணம் பண்ணிக்கிட்டீங்களா?" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது, எதிர் வரிசையில் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பதில் சொல்லும் முன் என் டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே என்னை மட்டும் விட்டார்கள். வயிற்றில் ஜெல் ஜில்லென்றது. ஸ்கேன் பார்க்கிற டாக்டர் பேசவில்லை. போன முறையும் பேசவில்லை. போன முறை கொஞ்ச நேரம் உருட்டிப் பார்த்துவிட்டு, இன்னொருவரைக் கூப்பிட்டார்கள். இவர் கதவுப் பக்கம் திரும்புகிறாரா என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன். உருட்டினார். அழுத்தினார். ஏதோ அளந்தார். மூச்சைப் பிடிக்க வேண்டாம் என்றார். நான் பிடித்திருந்தது எனக்கே தெரியாது. பிறகு ஒரு பொத்தானை அழுத்தினார். அறை முழுக்கச் சத்தம். குதிரை ஓடுகிற மாதிரி என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அப்படிக் கேட்கவில்லை, யாரோ அவசரமாகத் துணி துவைக்கிற மாதிரி கேட்டது. "பாலோ ஆச்சே," நன்றாக இருக்கிறது என்றார் அவர்.

வெளியே வந்தபோது கணவர் எழுந்து நின்றார்.

"இருக்கு," என்றேன்.

அவர் அப்படியே உட்கார்ந்து முகத்தைக் கைக்குட்டையில் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் பார்த்திராத அழுகை. பக்கத்தில் உட்கார்ந்தேன். கோபம் எங்கே போயிற்று என்று தேடினேன், கொஞ்சம் இருந்தது. எதற்காக எனக்குத் தெரியாமல் செய்தீர்கள் என்று கேட்டேன். இரண்டு வருஷம் கேட்காத கேள்வியின் ஒரு ஓரம் அது.

"போன தடவ போட்டுக் குடுத்தது நான்தானே," என்றார்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அந்த முறை, கருவுற்றது தெரியும் முன்னால், காப்பி தண்ணியாக இருக்கிறது என்று நான் ஒரு நாள் அலுத்துக்கொண்டேனாம். எனக்குப் பிடிக்குமே என்று சிக்கரியே சேர்க்காமல் பொடி வாங்கி, அந்த மூன்று மாதமும் அதைத்தான் போட்டாராம். எனக்கு அது தெரியாது. தங்கை போனில் அந்த வார்த்தையைச் சொன்னபோது, அவள் தன்னைத்தான் சொல்கிறாள் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. என் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் உள்ளே போனாராம். இரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இரண்டு குற்றவாளிகள் ஒருவருக்கொருவர் காப்பி கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தற்செயலைச் சொன்னேன். குமட்டலைச் சொன்னேன். கேட்டு எழுதுகிற எண்களை எப்படி நம்புவது என்று சொன்னேன். இதனால்தான் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, இதனால் இல்லவே இல்லை என்றும் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் உங்கள் மேல் பழி போட எந்த ஆராய்ச்சியிலும் இடமில்லை என்றேன். பத்து நிமிஷத்தில் அவரை விடுதலை செய்துவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான், இதில் ஒரு வார்த்தையைக்கூட நான் எனக்குச் சொல்லிக்கொண்டதில்லை என்று தெரிந்தது.

மாணவி தயங்கித் தயங்கி வந்து நின்றாள். ஒரே ஒரு கட்டம் காலியாக இருக்கிறதாம். போன கர்ப்பம், காப்பி, ஒரு நாளைக்கு எத்தனை. நாலா, இரண்டா?

தெரியாது என்று எழுதிக்கொள் என்றேன். அப்படி எழுத இடமில்லை திதி, ஏதாவது ஒரு எண் வேண்டும், காலையிலிருந்து யோசித்துப் பாருங்கள், எழுந்ததும் எத்தனை என்று ஆரம்பித்தாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கும் முன், என் கணவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பத்து வருஷமாகப் பேச மறுத்த வங்காளத்தில் பேசினார்.

"ஆம்ரா ஜானி நா." எங்களுக்குத் தெரியாது.

அவள் எங்கள் இருவரையும் பார்த்தாள். படிவத்தைப் பார்த்தாள். நன்றி சொல்லிவிட்டு எழுந்து, பத்தடி தள்ளிப் போய்ச் சுவரோரமாக நின்று, யாரிடமும் ஒத்துக்கொள்ளாமல் நான் எத்தனையோ மாடிப்படிகளில் செய்ததைப் போலவே, அவளாக ஒரு எண்ணைப் போட்டுக்கொண்டாள்.